கோப்புறையைத் திறந்தால் பழைய இணையப் பக்கம் வருகிறது: கான்குவரரில் என் படங்கள் எங்கே?

பட்டர்வொர்த் வாசகி (இரவு 8.10)

வணக்கம். எங்கள் வாசகசாலையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. நினைவகம் 2 ஜிபிதான். போன மாதம் ஓர் உறவுக்காரப் பையன் அதில் கியூ4ஓஎஸ் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். திரைச்சூழல் டிரினிட்டி. கோப்புகளைப் பார்க்கவும் இணையத்தைப் பார்க்கவும் கான்குவரர் என்ற ஒரே மென்பொருள்தான்.

சிக்கல் இதுதான். முன்பு இங்கே தொண்டு செய்தவர் 2002 தைப்பூசப் படங்களை ஒரு கோப்புறையில் சேர்த்து வைத்திருந்தார். அதைப் பென்டிரைவிலிருந்து அப்படியே நகலெடுத்தேன். கோப்புறையைத் திறந்தால் கோப்புகளின் பட்டியல் வரவில்லை. மஞ்சள் பின்னணியில் ஓர் இணையப் பக்கம் வந்து நிற்கிறது. அதில் பன்னிரண்டு படங்கள் மட்டும். மொத்தம் 340 படங்கள் இருக்க வேண்டும். அழிந்துவிட்டனவோ என்று பயந்து கோப்புறையின் அளவைப் பார்த்தேன். 190 மெகாபைட் அப்படியே இருக்கிறது. மற்ற கோப்புறைகள் எல்லாம் ஒழுங்காகத் திறக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்குப் படம் அச்சிட வேண்டும். உதவுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம் தம்பி (8.25)

அக்கா, கான்குவரரையெல்லாம் இன்னும் யார் பயன்படுத்துகிறார்கள்? தூக்கிப் போட்டுவிட்டு வேறு உலாவியும் வேறு கோப்பு மேலாளரும் போடுங்கள். பத்து நிமிட வேலை.

செந்தூல் பழையவன் (8.52)

தம்பி, கொஞ்சம் மரியாதை. கான்குவரர் 2000 அக்டோபரில் கேடிஇ 2 என்ற லினக்ஸ் திரைச்சூழலுடன் வந்தது. இணையப் பக்கத்தைத் திரையில் வரைய அதற்காக எழுதிய கேஎச்டிஎம்எல் இயந்திரத்தை எடுத்துத்தான் ஆப்பிள் வெப்கிட் செய்தது. அதை வைத்து ஆப்பிளின் சஃபாரி உலாவி 2003இல் வெளிவந்தது. வெப்கிட்டிலிருந்து 2013இல் கூகுள் பிரித்தெடுத்ததுதான் குரோம் உலாவியின் இயந்திரமான பிளிங்க். நீங்கள் போடச் சொல்லும் உலாவி அநேகமாக இதன் பேரப்பிள்ளை.

அம்மா, உங்கள் படங்கள் பத்திரமாக இருக்கின்றன. கான்குவரருக்குக் கோப்புறையும் ஒரு முகவரிதான், இணையப் பக்கமும் ஒரு முகவரிதான். கோப்புறைக்குள் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்ற கோப்பு இருந்து, அதைக் காட்டும் அனுமதியும் இருந்தால், பட்டியலுக்குப் பதிலாக அந்தப் பக்கத்தையே திறந்துவிடும். அந்தப் பக்கம் திறந்திருக்கும்போது 'வியூ' பட்டியலுக்குப் போங்கள். 'யூஸ் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்' என்ற வரியில் குறி விழுந்திருக்கும். அதை எடுத்துவிடுங்கள்.

பட்டர்வொர்த் வாசகி (9.05)

வந்துவிட்டன ஐயா! 340 படமும் இருக்கின்றன. மிக்க நன்றி.

பட்டர்வொர்த் வாசகி (9.14)

அவசரப்பட்டு நன்றி சொல்லிவிட்டேன். சன்னலை மூடித் திறந்தால் மறுபடியும் அதே மஞ்சள் பக்கம். குறியும் தானாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஏன் இந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் இப்படி?

ஆயர் ஈத்தாம் நிரலர் (9.40)

நீங்கள் முதலில் எழுதியதிலேயே விடை இருக்கிறது: மற்ற கோப்புறைகள் ஒழுங்காகத் திறக்கின்றன, இதை மட்டும் அப்படியே நகலெடுத்தீர்கள். அந்தத் தொண்டர் அந்தக் காலத்தில் கேடிஇ வைத்திருந்திருப்பார். கோப்புறையின் தோற்றத்தைக் கோப்புறைக்குள்ளேயே சேமிக்கும் வசதி கான்குவரரில் உண்டு. அது 'டைரக்டரி' என்ற சிறிய உரைக் கோப்பாகக் கிடக்கும். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருப்பதால் கண்ணில் படாது. படங்களோடு சேர்ந்து பென்டிரைவில் ஏறி உங்கள் கணினிக்கும் வந்துவிட்டது.

முதலில் ஐயா சொன்னபடி குறியை எடுத்துப் பட்டியலைக் கொண்டுவாருங்கள். பிறகு 'வியூ'வில் 'ஷோ ஹிடன் ஃபைல்ஸ்' கொடுங்கள். அந்தக் கோப்பை உரைத் திருத்தியில் திறந்து 'எச்டிஎம்எல்அலவ்டு' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். சமக்குறிக்குப் பின்னால் 'ட்ரூ' என்று இருந்தால் 'ஃபால்ஸ்' என்று மாற்றிச் சேமியுங்கள். கோப்பையே அழித்துவிட வேண்டாம். கோப்புறைக்கு அவர் வைத்த படவுருவும் அதில்தான் இருக்கலாம்.

பட்டர்வொர்த் வாசகி (10.02)

கண்டுபிடித்துவிட்டேன். ஐந்தே வரிக் கோப்பு. நீங்கள் சொன்ன வரி மூன்றாவதாக இருந்தது. மாற்றினேன். மூன்று முறை மூடித் திறந்து பார்த்தேன், பட்டியல்தான் வருகிறது. கணினியையும் ஒருமுறை அணைத்துப் போட்டேன். இந்த முறை நன்றியைத் திரும்பப் பெற மாட்டேன்.

இன்னொன்று கேட்கலாமா? அந்த மஞ்சள் பக்கத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஏதோ எழுதியிருக்கிறது. ஆனால் ஒரே கிறுக்கல். தலைப்பே இப்படித் தொடங்குகிறது: முக்கால் என்ற பின்னக் குறி, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, சென்ட் குறி, அதே சாய்கோட்டோடு ஒரு யு. கோப்பு கெட்டுவிட்டதா?

செந்தூல் பழையவன் (10.11)

கெடவில்லை அம்மா. நீங்கள் வருணித்த நான்கு குறிகளும் சேர்ந்தால் 'தமிழ்'. முக்கால் குறி 'த', சாய்கோட்டு ஏ 'ம', சென்ட் குறி இகரக் கொம்பு, கடைசி 'ழ்'. அதுதான் திஸ்கி. ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன்னால் நாங்கள் இணையத்தில் தமிழ் எழுதிய குறியாக்கம். 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு இங்கே கோலாலம்பூரில்தான் நடந்தது. அப்போதெல்லாம் முரசு அஞ்சல் என்ற மென்பொருளில் தட்டச்சு செய்வோம். அதற்குரிய எழுத்துரு எதிராளியின் கணினியில் இல்லாவிட்டால் அவருக்கு இந்த முக்காலும் சென்ட்டும்தான் தெரியும்.

இப்போது இந்தக் கிழட்டு உலாவியின் அருமையைப் பாருங்கள். கான்குவரர் நிற்பது கியூட்டி என்ற நிரல் நூலகத்தின் மேல். அந்த நூலகத்துக்குத் திஸ்கி தெரியும். பக்கத்தைத் திறந்து, 'வியூ', 'செட் என்கோடிங்', அதில் தமிழ் என்பதைத் தேடித் திஸ்கியைத் தேர்ந்தெடுங்கள்.

பட்டர்வொர்த் வாசகி (10.30)

ஐயா, படிக்க முடிகிறது! முதல் படத்தின் கீழே "கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும் காலை" என்று இருக்கிறது. நான்காவதில் தண்ணீர்மலைப் படிகளில் என் பெரியம்மா பால்குடத்தோடு நிற்கிறார். படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்; முகம் பாதி மறைந்திருந்ததால் அவர் என்று தெரியவில்லை. கீழே பெயர் போட்டிருக்கிறார்கள்.

புக்கிட் மெர்தாஜாம் தம்பி (10.34)

அக்கா, நான் சொன்னதை மறந்துவிடுங்கள். என்னிடம் இருக்கும் உலாவியின் குறியாக்கப் பட்டியலில் தமிழே இல்லை, இப்போதுதான் பார்த்தேன்.

ஆயர் ஈத்தாம் நிரலர் (10.41)

ஓர் எச்சரிக்கை: டிரினிட்டியில் உள்ள கான்குவரர் கேடிஇ 3 காலத்து வடிவம். உள்ளூர்க் கோப்புகளுக்கு அருமை. வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ அதில் திறக்காதீர்கள்; அதற்கு இன்றைய உலாவி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படத்துக்குப் பெயர் எழுதும் வேலை இருந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சன்னல் இடம் வலமாக இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் கோப்புகள், வலப்பக்கம் அந்த மஞ்சள் பக்கம். பார்த்துப் பார்த்துக் கோப்புகளுக்குப் பெயர் மாற்றலாம்.

பட்டர்வொர்த் வாசகி (11.05)

அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன். பன்னிரண்டில் ஒன்பது முடிந்தது. உள்ளே இன்னொரு பக்கமும் இருக்கிறது, அன்னதானப் படங்கள். அதில் திஸ்கியைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்துதான் வருகிறது, ஆனால் ஒரு சொல்லும் சொல்லாக இல்லை.

செந்தூல் பழையவன் (11.12)

அப்படியானால் அது 'தாம்' அல்லது 'தாப்' ஆக இருக்கலாம். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட குறியாக்கங்கள். இரண்டு பேர் சேர்ந்து செய்த தளமாக இருந்திருக்கும், ஆளுக்கொரு மென்பொருள். கான்குவரர் அதற்கு உதவாது, குறியாக்க மாற்றி மென்பொருள் ஒன்றைக் கொண்டுதான் ஒருங்குறிக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பக்கத்தின் மூலக் கோப்பில் எந்த எழுத்துருவின் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'வியூ' பட்டியலிலேயே மூலத்தைக் காட்டும் வரி இருக்கிறது.

பட்டர்வொர்த் வாசகி (11.15)

நாளை மாலை பார்த்துச் சொல்கிறேன் ஐயா. வாசகசாலைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது, காவலாளி இரண்டாவது முறையாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.