மறுமொழி: ‘ஃபெசிலிட்டி லொகேஷன்’ தமிழில்? வெள்ளிக்குள் வேண்டும்

மீ.ச., இந்திராநகர்:

அனைவருக்கும் வணக்கம். சிறுதொழில் பயிற்சிக் கையேடு ஒன்று தமிழாகிறது, 48 பக்கம். படிக்கப்போகிறவர்கள் பெங்களூரை அடுத்த பொம்மசந்திரா, ஜிகணி, ஓசூர்ப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள். ஐடிஐ முடித்தவர்கள், பத்தாவதோடு நின்றவர்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பே இடிக்கிறது: ஃபெசிலிட்டி லொகேஷன், அதாவது ஆலையையோ கிடங்கையோ எங்கே போடுவது என்று முடிவு செய்வது. பழைய வரைவில் ‘வசதி அமைவிடம்’ என்று போட்டிருக்கிறார்கள். லிஃப்ட், கார் பார்க்கிங்கோடு வீடு தேடுவதுபோல் இருக்கிறது. பிளாண்ட் லொகேஷனைப் பொறிமொழிபெயர்ப்பில் போட்டால் ‘தாவர இருப்பிடம்’. சிரித்து முடித்ததும் உதவுங்கள். ஒரு நிபந்தனை: அதே அத்தியாயத்தில் லொகேஷன் (எந்தப் பக்கம்), சைட் (எந்தத் துண்டு நிலம்), லேஅவுட் (ஆலைக்குள் எது எங்கே) மூன்றும் தனித்தனிப் பொருளில் வருகின்றன. ஒன்று இன்னொன்றின் மேல் ஏறக் கூடாது.

வ., அல்சூர்:

அம்மா, புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. வள்ளுவர் 50ஆம் அதிகாரத்துக்கு வைத்த பெயரே ‘இடனறிதல்’. வரிசையைப் பாருங்கள்: 47 தெரிந்துசெயல்வகை, 48 வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். என்ன செய்வது, கையில் என்ன இருக்கிறது, எப்போது, எங்கே. உங்கள் மேலாண்மைப் பாடம் இதைத் தாண்டி என்ன சொல்கிறது? ‘தொடங்கற்க எவ்வினையும் எள்ளற்க முற்றும் இடங்கண்ட பின்அல் லது.’ இதையே அத்தியாயத்தின் முகப்பில் போடலாம். ‘இடன்’ என்பதில் னகரம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: நிலம் நிலன் ஆனதுபோல, கடைப்போலி; கடைசி எழுத்து மாறும், பொருள் மாறாது. அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

கு., பீன்யா:

ஐயா, குறள் பொருத்தம்தான். ஆனால் அந்த அதிகாரம் பகைவனை எங்கே மறிப்பது என்பது பற்றியது. கடைக்கால் தோண்டுவது பற்றியதல்ல. அதைவிடப் பெரிய சிக்கல், ‘இடம்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் அத்தியாயமே சொல்ல வருவது காணாமல் போய்விடும். இது ஒரு முடிவல்ல, மூன்று முடிவு. முதலில் எந்த வட்டாரம்: சரக்கு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, வரி, துறைமுகம். (பெங்களூருக்குத் துறைமுகம் இல்லை. கன்டெய்னர் சென்னைக்கு 350 கிலோமீட்டர் ஓட வேண்டும்.) அடுத்து எந்தப் பகுதி: ஆள் கிடைக்குமா, பஸ் வருமா, அந்தத் தொழிலுக்கு அங்கே அனுமதி உண்டா. கடைசியில்தான் எந்தத் துண்டு நிலம்.

பட்டறைக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மலிவாக ஒரு நிலம் வருகிறது, வாங்கிவிடுகிறார்கள், மற்றதெல்லாம் பிறகு. விவசாய நிலம் என்றால் கர்நாடகத்தின் 1964 நில வருவாய்ச் சட்டத்தின் 95ஆம் பிரிவில் டிசி கன்வர்ஷன் (நிலப் பயன்பாட்டை மாற்ற மாவட்ட டெபுடி கமிஷனர் தரும் அனுமதி) வேண்டுமா என்று பார்க்க வேண்டும். பின்னால் ராஜகாலுவே என்கிற மழைநீர்க் கால்வாய் ஓடினால் 2015 மாஸ்டர் பிளானின்படி அதன் நடுக்கோட்டிலிருந்து முதல்தரக் கால்வாய்க்கு 50 மீட்டர், இரண்டாந்தரத்துக்கு 25, மூன்றாந்தரத்துக்கு 15 விட வேண்டும். 15 மீட்டர் என்றால் 49 அடி. 60க்கு 100 அடி மனையில் பின்பாதி போயிற்று. இதெல்லாம் மூன்றாம் படியின் கேள்விகள். முதல் படிக்கும் மூன்றாம் படிக்கும் ஒரே சொல் இருந்தால், படிக்கிறவர் இதையெல்லாம் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுவார்.

ஜெ., நெலமங்களா:

எளிமையாக ‘இடத்தேர்வு’ என்று போட்டுவிடலாமே? கிடங்குக்காரனுக்கும் புரியும்.

வட்டாரம் பற்றிக் கு. சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2017 ஜூலை 1க்கு முன் மாநிலம் தாண்டி விற்றால் 2 சதவீதம் சிஎஸ்டி, அதாவது மத்திய விற்பனை வரி. சொந்தக் கிடங்குக்கு எஃப் படிவத்தில் மாற்றினால் அந்த வரி இல்லை. அதனால்தான் மாநிலத்துக்கு ஒரு கிடங்கு வைத்திருந்தார்கள். ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் காரணம் போனது; நாலு சின்னதை மூடிவிட்டு ஒரு பெரியதை நெடுஞ்சாலையோரம் போடலாம் என்றானது. மும்பைக்காரர்கள் ஆக்ட்ராய் (நகருக்குள் நுழையும் சரக்குக்கான வரி) எல்லைக்கு வெளியே என்று பிவண்டியில் போய்க் குவிந்ததும் இதே கணக்குதான். கையேட்டில் இருக்கும் உதாரணம் 2017க்கு முந்தையது என்றால் முதலில் அதை மாற்றுங்கள், சொல்லைப் பிறகு பார்க்கலாம்.

வ., அல்சூர்:

‘இடத்தேர்வு’ புணர்ச்சியில் பிழையில்லை. மகரம் கெட்டு வல்லினம் மிகுந்தது, மரக்கிளைபோல. பொருளில்தான் கோளாறு. இன்று தேர்வு என்றால் பரீட்சை, இடம் என்றால் கல்லூரி சீட். ‘இடத்தேர்வு’ என்று தலைப்பைப் பார்க்கிற பையன் கவுன்சலிங் என்றுதான் நினைப்பான்.

இடனறிதல் வேண்டாமென்றால் வேறொன்று தருகிறேன். ‘அமைவிடம்’ என்பதைப் பிரித்தால் அமைவு + இடம். ஏற்கெனவே அமைந்துவிட்டது என்ற தொனி அதில் இருக்கிறது. வரைபடத்தில் மைசூரின் அமைவிடம் என்று சொல்ல அது சரி. இங்கே ஆலை இன்னும் எழும்பவில்லை. அமை + இடம் = ‘அமையிடம்’; ஐகாரத்தின் முன் யகர உடம்படுமெய். இது வினைத்தொகை. அமைந்த இடம், அமைகிற இடம், அமையும் இடம், மூன்று காலமும் கரந்து நிற்கும். ஆலை இடம்பெயர்ந்தாலும் சொல் பெயராது. 1909இல் பொருளியலாளர் ஆல்ஃப்ரெட் வேபர் ஜெர்மனில் இதற்கு எழுதிய சொல் ‘ஷ்டாண்டோர்ட்’, நிற்கும் இடம். அவர்கள் நிற்பதை வைத்து ஆக்கினார்கள், நாம் அமைவதை வைத்து ஆக்குவோம்.

ஸ்ரீ., ஸ்ரீராமபுரம்:

வ. ஐயாவுக்கு வணக்கம். சங்கத்தமிழில் ‘அமை’ என்றால் மூங்கில். அப்படியானால் ‘அமையிடம்’ என்பது நம்ம பாம்பூ பஜாரா?

விளையாட்டு போகட்டும். இந்த ஊர்த் தமிழருக்கு ‘சைட்’ என்றால் என்ன என்று யாராவது யோசித்தீர்களா? தமிழ்நாட்டில் சைட் என்றால் கட்டட வேலை நடக்கிற இடம். மேஸ்திரி ‘சைட்டுக்குப் போறேன்’ என்பார். பெங்களூரில் சைட் என்றால் காலி மனை, 30க்கு 40. லேஅவுட் என்றாலோ ஒரு பேட்டையே: பிடிஎம், எச்எஸ்ஆர். ‘லேஅவுட்டைத் திட்டமிடுங்கள்’ என்று எழுதினால் ரியல் எஸ்டேட் தொடங்கச் சொல்கிறார்கள் என்று நினைப்பார்கள். ‘சைட் பார்ப்பது’ பற்றி இளவட்டங்கள் என்ன நினைப்பார்கள் என்பதை விட்டுவிடுகிறேன்.

சைட்டுக்கு ‘மனை’ போதும். ஓசூரிலும் புரியும், இங்கேயும் புரியும். நடுப்படிக்குப் ‘பேட்டை’. தொழிற்பேட்டை என்று ஏற்கெனவே புழங்குகிறோம். பழைய பெங்களூரே தொழிலுக்கு ஒரு பேட்டையாகப் பிரிந்துதானே கிடந்தது: அக்கிபேட்டையில் அரிசி, அரளேபேட்டையில் பஞ்சு. தரகுபேட்டையில் இன்றும் தானிய மண்டி.

வ., அல்சூர்:

மூங்கிலும் அமையும்தான், அதனால் என்ன? ‘கால்’ என்றால் காற்று, கால் பங்கு, வாய்க்கால் எல்லாம்தான். யாரும் தடுமாறவில்லை.

மனையை வரவேற்கிறேன். சங்கப்பாட்டு நெடுநல்வாடையில் இரண்டு கோல் நட்டு, உச்சிவேளையில் நிழல் ஒரு பக்கமும் சாயாத பொழுது பார்த்து, ‘நூலறி புலவர் நுண்ணிதிற் கயிறிட்டு’ திசை குறித்து மனை வகுத்தார்கள். அந்த ‘மனைவகுத்து’ என்பதிலிருந்து லேஅவுட்டுக்கு ‘மனைவகுப்பு’ எடுக்கலாம்.

கு., பீன்யா:

மனைவகுப்பு இங்கே ஆகாது ஐயா. காலி நிலத்தைத் துண்டு போடுவதை மனைப்பிரிவு என்கிறோம், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆலைக்குள் லேத் எங்கே, கம்ப்ரசர் எங்கே, சரக்கு எந்த வாசல் வழியாக வரும் என்பதற்குக் கணினிக்காரர்கள் புழங்குகிற ‘தளவமைப்பு’ போதும்.

சொல் இருக்கட்டும், முறைகளின் பெயரும் உள்ளடக்கமும் கவனிக்கப்படவேண்டும். வேபர் கணக்கு எளிது: ஓரிடத்தில் மட்டும் கிடைக்கும் மூலப்பொருளின் எடையை விளைபொருளின் எடையால் வகுங்கள். ஒன்றுக்கு மேல் வந்தால் மூலப்பொருள் பக்கம் இழுக்கும், கீழே வந்தால் சந்தைப் பக்கம். பத்து டன் கரும்புக்குச் சர்க்கரை ஏறக்குறைய ஒரு டன், வெட்டிய கரும்பு காயக் காயச் சர்க்கரையும் குறையும். ஆகவே ஆலை மண்டியாவில். இட்லி மாவு நேரெதிர். அரிசியும் உளுந்தும் காய்ந்து வருகின்றன, தண்ணீர் சேர்ந்து எடை இருமடங்குக்கு மேல் ஆகிறது, புளித்துப் பொங்குகிறது. அதை மண்டியாவில் அரைத்து மல்லேஸ்வரத்துக்குக் கொண்டுவர யாரும் நினைக்க மாட்டார்கள். இதற்கு ‘பொருள் எடைவிகிதம்’ என்று போடுங்கள்.

அடுத்து ஈர்ப்புமைய முறை: எந்தப் பக்கம் எவ்வளவு சரக்குப் போகிறது என்பதை வைத்துக் கிடங்குக்கு நடுப்புள்ளி காண்பது. மெஜஸ்டிக்கை மையமாக வைத்துக் கிழக்கு, வடக்கு கிலோமீட்டரில்: பீன்யா (-6, 6), வாரம் 10 லோடு, பொம்மசந்திரா (13, -18), 12 லோடு, ஒயிட்ஃபீல்டு (19, 0), 12 லோடு. லோடால் பெருக்கிக் கூட்டி 34ஆல் வகுத்தால் கிழக்கே 9.5, தெற்கே 4.6. வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். பெல்லந்தூர் ஏரி. தண்ணீருக்குள் கிடங்கு கட்ட முடியாது என்பது தவிர, அந்தப் புள்ளி தூரத்தைக் குறைப்பதும் இல்லை. தூரத்தின் வர்க்கத்தைத்தான் குறைக்கிறது. ஆகவே தொலைவில் ஒற்றையாக நிற்கும் வாடிக்கையாளர் அதைத் தன் பக்கம் அளவுக்கு மீறி இழுப்பார். உண்மையான குறைந்த தூரப் புள்ளிக்கு மீண்டும் மீண்டும் கணக்கிட வேண்டும், 1937இல் வைஸ்ஃபெல்டு என்ற கணிதர் காட்டிய வழி. அதுவும் நேர்கோட்டுத் தூரம். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் அதற்குத் தெரியாது.

மீ.ச., இந்திராநகர்:

இந்தப் பத்தி அப்படியே கையேட்டுக்குள் போகிறது, நன்றி. காரணிகளுக்கு மதிப்பெண் போடும் முறையில் ‘வெயிட்’ என்பதற்கு என்ன? மேலேயே எடை வந்துவிட்டது.

கு., பீன்யா:

‘நிறை’. பள்ளிப் புள்ளியியலில் நிறையிட்ட சராசரி என்றுதான் படித்திருப்பார்கள். இயற்பியலில் நிறை வேறு என்று வ. ஐயா எழுதும் முன் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மின்சாரம் 25, ஆள் 20, போக்குவரத்து 20, வாடகை 20, கழிவுநீர் 15, ஆக 100. ஒவ்வொரு இடத்துக்கும் பத்துக்கு மதிப்பெண். இதில் ஒரு பொறி இருக்கிறது. மின்முலாம் பட்டறை மாசுக் கட்டுப்பாட்டில் சிவப்பு வகை, மாசு மிகுந்தது. கழிவுநீருக்கு வழியே இல்லாத இடத்துக்கு அந்த வரியில் பூஜ்யம் போட்டாலும் 15 சதவீதம்தான் இழப்பு. வாடகை மலிவு அதை ஈடுகட்டிவிடும், அட்டவணை ‘வாங்கு’ என்று சொல்லும். ஆகவே நிறை போடுவதற்கு முன்பே ‘விலக்குக் காரணிகள்’ என்று தனியாக ஒரு பட்டியல். அதில் ஒன்று விழுந்தாலும் இடம் வெளியே. இன்னொன்று, நிறைகளை மதிப்பெண் போடும் முன்பே எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிடித்த இடம் ஜெயிக்கும்வரை நிறையை மாற்றுவதுதான் நடைமுறை.

ஜெ., நெலமங்களா:

மனைப் பட்டியலில் தரைமட்டத்தையும் சேருங்கள். லாரித் தளம் நாலடி உயரம். கிடங்குத் தரை சாலை மட்டத்தில் இருந்தால் லாரி நிற்கக் குழி தோண்டுவார்கள், முதல் மழையில் அது குளம். 40 அடி கன்டெய்னரில் பெட்டி மட்டும் 12.2 மீட்டர்; முன்னால் இழுவண்டி. வாசலில் திரும்ப இடமில்லையென்றால் சாலையில் நிறுத்தித் தலைச்சுமைதான்.

சொல்லில் எனக்குப் பிடிவாதமில்லை. ‘அமைவிடத் தேர்வு’ என்றால் சம்மதம்.

ஸ்ரீ., ஸ்ரீராமபுரம்:

நானும் அதற்கே. ஃபெசிலிட்டியைத் தலைப்பில் மொழிபெயர்க்கவே வேண்டாம். ஆலை, கிடங்கு, கடை என்று அந்தந்த இடத்தில் எழுதினால் போதும்.

மீ.ச., இந்திராநகர்:

வியாழன் இரவு ஆகிவிட்டது, முடிக்கிறேன். தலைப்பு: தொழில் அமைவிடத் தேர்வு. படிகள்: வட்டாரம், பேட்டை, மனை. முதல்முறை வரும்போது மட்டும் ‘மனை என்கிற சைட்’. உள்ளே தளவமைப்பு. குறள் 491 முகப்பில். ஜெ., ஸ்ரீ. இருவரும் சரி என்றிருக்கிறீர்கள். வ. ஐயா?

வ., அல்சூர்:

குறளைப் போட்டதற்கு நன்றி. அமைவிடம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை: கட்டாத ஆலைக்கு அமைவு கிடையாது. பின்னிணைப்பின் சொல்லடைவில் ‘அமையிடம்: அமைவிடம் காண்க’ என்று ஒரு வரி போட்டால் எனக்குப் போதும். முகப்பில் குறள் தளை தட்டாமல் இருக்க ‘பின்அல் லது’ என்று சீர் பிரித்தே அடிக்கச் சொல்லுங்கள். அச்சகத்தார் ‘பின்னல்லது’ என்று சேர்த்துவிடுவார்கள்.