ஆடியோ சிடி எழுதும்போது இடைவெளி விழாமல் இருக்க வழி?

அப்பாவின் பழைய காரில் சிடி பிளேயர் மட்டும்தான். அதுவும் எம்பி3 படிக்காது, அதனால் அந்த யோசனை வேண்டாம். அவருக்காக ஒரு நாகஸ்வரக் கச்சேரியை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆடியோ சிடியாக எழுதுகிறேன்.

கோப்புகள் ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஒலிக்கோப்பு), 48 கிலோஹெர்ட்ஸ். சிடிக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேண்டும். இந்த மாற்றத்தை எழுதும் மென்பொருளிடமே விட்டுவிடலாமா, இல்லை முதலிலேயே ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் மாற்றி, சுருக்காத வேவ் கோப்பாக வைத்துக்கொள்வது நல்லதா?

பெரிய தலைவலி வேறு. ராக ஆலாபனை முடிந்து கீர்த்தனை எடுக்கும் இடத்தில் 2 விநாடி மௌனம் விழுகிறது. தவில்காரர் ஓங்கிய கை அந்தரத்தில் நின்றுவிட்ட மாதிரி! டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில், அதாவது முழு சிடியையும் நிறுத்தாமல் ஒரே மூச்சில், எழுதச் சொல்கிறார்கள். சரி, ஆனால் நான் எழுதும் மென்பொருளான இம்க்பர்னில் க்யூ கோப்பை (எந்தப் பாட்டு எங்கே தொடங்கும் என்று சொல்லும் பட்டியல்) எப்படி அமைப்பது? யாராவது செய்திருந்தால் படிப்படியாகச் சொல்லுங்கள்.

அப்புறம் வேகம். 48எக்ஸ்-இல் (சாதாரண வேகத்தைப் போல 48 மடங்கு) எழுதிய சிடி வீட்டில் ஒழுங்காக ஓடுகிறது, காரில் திக்குகிறது. ரொம்பக் குறைத்தாலும் இப்போது வரும் சிடிக்களுக்கு ஆகாது என்று நினைக்கிறேன். 16எக்ஸ் சரியாக இருக்குமா? கார் பிளேயரில் ஓட்டிப் பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.