செய்தித்தாள் கொலாஜ் பயிற்சி: புதுப்பிப்பு

பென்சிலும் வண்ணமும் இல்லாமல், பழைய செய்தித்தாள்களை மட்டும் கிழித்து ஒட்டி, கொலாஜ் எனப்படும் ஒட்டுப்படமாக முகங்களை உருவாக்கிப் பார்க்கப் போவதாக முன்பு எழுதியிருந்தேன். தாள் சுருங்காமல் ஒட்டுவது எப்படி, படம் எவ்வளவு காலம் நிற்கும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். பயிற்சி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை இங்கே பதிகிறேன்.

என்னை மிகவும் ஈர்த்தது அச்செழுத்தின் அடர்த்திதான். பொடி எழுத்தில் நெருக்கமாக அச்சான பத்தி, சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் சாம்பல் நிறமாகவும், தடித்த தலைப்பு கறுப்பாகவும், அச்சில்லாத பக்க ஓரம் வெளிச்சமாகவும் தெரிவதால், மூக்கின் ஒரு பக்கத்து நிழலைப் பத்திகளைக் கொண்டே வரவழைத்துவிட முடிகிறது. வரிகளைத் தலைகீழாக ஒட்டினால், கண் வாசிப்பதை விட்டுவிட்டு வடிவத்தைக் கவனிக்கத் தொடங்குகிறது. கத்தரிக்கோலைவிடக் கையால் கிழிப்பதையே நான் விரும்புகிறேன்: இழை ஓடும் திசையில் தாள் நேராகக் கிழிகிறது, குறுக்கே கிழித்தால் விளிம்பு பிசிறடிக்கிறது, அந்தப் பிசிறு தலைமுடிக்கும் புருவத்துக்கும் அழகாகப் பொருந்துகிறது. 1912-இல் ஓவியர் பிராக்கைத் தொடர்ந்து பிக்காசோ ஒட்டுத்தாள் ஓவியங்களில் இறங்கியபோது அவர் எடுத்துக்கொண்டதும் சாதாரணச் செய்தித்தாள்தான் என்பது எனக்கு மிகுந்த ஊக்கம் தருகிறது.

தண்ணீர் அதிகம் கலக்காத பசையை அட்டையில் மெல்லியதாகத் தடவி, தாளை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிவிட்டால் சுருக்கம் பெருமளவு குறைகிறது. மஞ்சளாவதை முற்றிலும் தடுக்க இயலாது. தாளின் மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற இயற்கைப் பொருள், ஒளியும் காற்றும் பட்டு நிறம் மாறுவதே அதற்குக் காரணம். பாதுகாக்க விரும்பும் படத்தை வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். அடுத்ததாக, வண்ண விளம்பரப் பக்கங்களில் முயலவிருக்கிறேன்.