லாப்ஸும் ரிலாப்ஸும்: இரண்டுக்கும் தமிழ்ச்சொல் என்ன?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள நண்பர்களுக்கு, குடியை விட முயல்வோருக்கான நடத்தைச் சிகிச்சைக் கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டியிருக்கிறது. இச்சிகிச்சை எல்லாருக்கும் ஒரே வரிசையில் நடப்பதன்று; குடிக்கும் உந்துதலைக் கடப்பது, குடிக்க அழைப்பவரிடம் மறுத்துப் பேசுவது, மனநிலையைப் பேணுவது முதலிய பகுதிகளிலிருந்து அவரவருக்கு வேண்டியதை ஆலோசகர் எடுத்துக்கொள்கிறார். குடிநோய்ச் சிகிச்சைகளை ஒப்பிட்டு, 2006இல் முடிவு வெளியான அமெரிக்கக் கம்பைன் ஆய்வில் இவ்வகைச் சிகிச்சை, தேவைக்கேற்ப 20 அமர்வுகள் வரை நீள இடம் இருந்தது. ஒரு முறை தவறிக் குடிப்பது லாப்ஸ். பழைய குடிக்கே திரும்பிவிடுவது ரிலாப்ஸ். முன்னது நேர்ந்ததும் திட்டத்தைத் திருத்தினால் பின்னதைத் தடுக்கலாம் என்கிறது கையேடு. என் வரைவிலோ இரண்டும் ‘மறுவீழ்ச்சி’ என்றே நிற்கின்றன.

தமிழாசிரியர்:
ரிலாப்ஸுக்கு ‘மீள்குடி’ என்று எவரும் முன்மொழிய வேண்டா; மீள்குடியேற்றம்தான் நினைவுக்கு வரும். லாப்ஸுக்கு ‘இழுக்கல்’ என்னும் சொல் ஆயத்தமாக இருக்கிறது. 415ஆம் குறளில் ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல்’ என வருவது வழுக்கு நிலத்தையே குறிக்கிறது. ஆலோசகரின் சொல் அங்கே ஊன்றுகோல். நெய்யைக் குறிக்கும் ‘இழுது’ம் இவ்வேரினது என்றே கருதுகிறேன். நெய்ப்பசையில் கால் வழுக்குகிறது, வழுக்கியவனைக் குடி இழுக்கிறது. பொருள் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!

ஆலோசகர்:
ஐயா, அதே வள்ளுவர் 133ஆம் குறளில் ‘இழுக்கம் இழிந்த பிறப்பாய் விடும்’ என்கிறாரே. இன்று இழுக்கு என்றால் அவமானம்தான். நாற்பது நாள் குடிக்காமல் இருந்து ஒரு மாலை குடித்துவிட்டவர், மறுநாள் எதிரே அமர்ந்து, தரையைவிட்டுக் கண்ணெடுக்காமல், ‘எல்லாம் போயிற்று’ என்கிறார். உளவியலாளர்கள் ஆலன் மார்லட்டும் ஜூடித் கார்டனும் 1985லேயே எழுதியது இதைத்தான்: தவறிக் குடித்ததைத் தன் குணக்கேடாகக் கொள்ளும் குற்றவுணர்வே அடுத்த கோப்பைக்கு இட்டுச்செல்கிறது. ‘சறுக்கல்’ என்றால், எந்த இடத்தில் சறுக்கியது, அங்கே எதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அவரிடம் என்னால் கேட்க முடியும். இழுக்கல் என்று சொல்லிவிட்டு அதைக் கேட்க முடியாது.

தமிழாசிரியர்:
பொருள் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் ‘சறுக்கல்’ குழந்தைகளின் சறுக்குமரத்தை நினைவூட்டுகிறது. குடும்பமே கலங்கி நிற்கும் ஒன்றுக்கு அது போதாது. ‘வழுவல்’ என்றாவது எழுதலாம். குற்றமாயினும் அமைத்துக்கொள்ளும் வழுவமைதி நம் இலக்கணத்திலேயே உண்டு.

மொழிபெயர்ப்பாளர்:
வழுவமைதி என்னையும் தயங்க வைத்தது. எனினும் இக்கையேட்டின் பயிற்சித்தாளை நிரப்பப்போகிறவர் நன்னூல் படித்திருக்க வேண்டியதில்லை. நால்வர் ‘சறுக்கல்’ என்றும் இருவர் ‘வழுவல்’ என்றும் தனிமடல் எழுதியிருக்கிறார்கள். லாப்ஸுக்குச் சறுக்கல், ரிலாப்ஸுக்கு மறுவீழ்ச்சி என்று வைத்து அனுப்புகிறேன். ஐயாவின் மறுப்பைப் பதிப்பாசிரியருக்கான குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.