புதுப்பிப்பு: கல்லறைத் தோட்டத்தில் பதிவான அந்தக் குரல்

பேய் நடமாடுவதாகச் சொல்லப்படும் கல்லறைத் தோட்டத்தில் ஓர் இரவு ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்திருந்ததையும், பதிவில் "போ" என்று ஒரு பெண் குரலும் காலடிச் சத்தமும் கேட்டதையும் முன்பு எழுதியிருந்தேன். நேற்று அனுமதி வாங்கிக்கொண்டு மறுபடியும் போனோம்.

இந்த முறை இரண்டு ரெக்கார்டர்கள். ஒன்றில் தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாட்டை அணைத்து வைத்தேன். சுற்றிலும் அமைதியானால் அந்த வசதி பதிவின் ஒலியளவைத் தானாகவே கூட்டிவிடும். வெறும் இரைச்சல்கூட யாரோ மூச்சு விடுவதுபோல் கேட்கும்.

இரவு 1:40-க்கு அதே "போ". இரண்டு கருவிகளிலும் இருந்தது! ஆனால் கட்டுப்பாடு இல்லாத பதிவில், அதற்குச் சற்று முன் இரும்பு உரசும் சத்தமும் தெளிவாகக் கேட்டது. டார்ச்சோடு போய்ப் பார்த்தோம். பக்கவாட்டு கேட்டின் கீல் துருவேறி, காற்றுக்கு ஒரு விரற்கடை அசைந்துகொண்டிருந்தது. கையால் மெல்லத் தள்ளினேன். அதே குரல்.

1959-இல் பறவைகளின் ஒலியைப் பதிவு செய்த ஸ்வீடன் ஓவியர் ஃப்ரீட்ரிக் யூர்கென்சனும் ஒலிநாடாவில் மனிதக் குரல் கேட்டதாகச் சொன்னார். தெளிவில்லாத ஒலியில் மூளை ஒரு சொல்லைத் தேடிப் பிடித்துவிடும். "போ என்று கேட்கிறதா பாருங்கள்" என்று சொல்லியே முதல் பதிவை உங்களைக் கேட்க வைத்தேன், அது என் தவறு. இந்த முறை எதுவும் சொல்லாமல் பதிவை நண்பரிடம் கொடுத்தேன். அவருக்கு வெறும் "ஓ".

சரி, குரல் விஷயம் தெளிந்துவிட்டது. அந்தக் காலடிச் சத்தம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அப்புறம், கல்லறைகள் மேல் எதையும் வைக்கவில்லை. கருவிகள் நடைபாதையிலேயே இருந்தன.