மலையில் கையடக்க வீடியோ கேம் கருவி வைத்திருப்பவர்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

குன்னூர்:

நானே தொடங்கிவைக்கிறேன். இரண்டு வருடமாக ஒரு மியூ மினி பிளஸ் என்னிடம் இருக்கிறது. சட்டைப் பைக்குள் அடங்கிவிடும், மூன்றரை அங்குலத் திரை. பழைய கேம்பாய், நிண்டெண்டோ விளையாட்டுகளை அதில் ஆடலாம். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் உலர்ந்த ஊர்க்காரர்கள். கற்பூர மரம் கம்பியில் விழுந்து இரண்டு நாள் மின்சாரம் போவதோ, அலமாரிக்குள் தோல் செருப்பு பூசணம் பூப்பதோ அவர்களுக்குத் தெரியாது. ஆகவே மலைக்காரர்கள் சொல்லுங்கள்.

என் கதை இது. கருவியோடு வந்த மெமரி கார்டில் ஆறாயிரத்துச் சொச்சம் விளையாட்டுகள் இருந்தன. தொண்ணூறுகளில் டிவியில் மாட்டி ஆடினோமே, அந்த ‘9999 இன் 1’ கேசட்டில் ஏழெட்டு விளையாட்டுதான் பெயர் மாற்றி மாற்றி வரும். இதில் உண்மையாகவே அத்தனையும் இருந்ததுதான் வினை. (அவற்றைத் திணித்து விற்கிறவர்களுக்கு அந்த உரிமை கிடையாது என்பது வேறு விஷயம்.) இரவு ஒன்பது மணிக்குப் பட்டியலை உருட்டத் தொடங்கினால் பத்தரைக்கும் உருட்டிக்கொண்டிருப்பேன். ஒன்றையாவது முடித்தேனா என்றால் இல்லை.

போன ஜூலை மழையில் ஒரு நாள் அந்தக் கார்டு செத்துவிட்டது. பெயர் ஊர் இல்லாத கார்டு. இந்தக் கருவிகளோடு வருபவை பெரும்பாலும் அப்படித்தான், வாங்கிய அன்றே மாற்றியிருக்க வேண்டும். நல்ல கம்பெனியின் 64 ஜிபி கார்டு ஒன்று வாங்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, ஆனியன் என்ற இலவச மென்பொருளை ஏற்றினேன். பாதியில் மின்சாரம் போனது. லேப்டாப்பில் மீதமிருந்த சார்ஜில் கோப்புகளை நகலெடுத்து முடிப்பதற்குள் உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. ஆனியனில் எனக்குப் பிடித்தது ஒன்று: பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஆட்டத்தை விட்ட இடத்திலேயே சேமித்துவிட்டு அணையும், மறுபடி போட்டால் அங்கிருந்தே தொடங்கும். இந்த முறை பன்னிரண்டு விளையாட்டு மட்டும் வைத்தேன்.

அதில் ஒன்று டெட்ரிஸ், விழும் கட்டைகளை அடுக்கும் பழைய கேம்பாய் விளையாட்டு. மின்சாரம் இல்லாத இரண்டாம் இரவில் அதை அப்பா கையில் கொடுத்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கென்று ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போனபோது வாங்கிய பிரிக் கேமை என்னைவிட அதிகம் ஆடியவரும் அவர்தான். பத்து நிமிடம் பேச்சில்லை. பிறகு, “ஓரத்தில் ஏன் இவ்வளவு கறுப்பு? இடம் வீணாகிறதே” என்றார்.

கேம்பாயின் படம் 160-க்கு 144 புள்ளி. இந்தத் திரை 640-க்கு 480. மூன்று மடங்காக்கினால் 480-க்கு 432, சுற்றிலும் கறுப்பு எஞ்சும். சரி என்று மேலும் கீழும் திரை நிறையும்படி மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. “கோடு ஒன்று தடித்திருக்கிறது, ஒன்று மெலிந்திருக்கிறது. முன்பு இருந்த மாதிரியே வை” என்றார். அவர் சொன்னது சரிதான். 144-ஐ 480-க்கு இழுத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்றேகால் சொச்சம் வரும். பின்னம் கிடையாதல்லவா, சில புள்ளி மூன்றாகவும் சில நான்காகவும் நிற்கும். நான் ஒரு வருடம் ஆடியும் கண்ணில் படாதது, சலிக்கும் எந்திரத்தின் அருகில் தூள் பார்த்த கண்ணுக்கு உடனே பட்டுவிட்டது.

அவருக்குக் குன்பெய் யோகோயைப் பற்றிச் சொன்னேன். நிண்டெண்டோவில் கேம்பாயை உருவாக்கிய குழுவின் தலைவர். 1989-இல் அது வந்த காலத்தில் போட்டிக் கம்பெனிகள் வண்ணத் திரை போட்டன. ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும் கருவிகள் அவை. இவர் மங்கலான பச்சைத் திரையோடு நின்றார், நான்கே பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. வாடிப்போன தொழில்நுட்பத்தை எடுத்து வேறு கோணத்தில் யோசித்துப் பயன்படுத்து என்பது அவருடைய கொள்கை. புதுசாக இல்லாமல், விலை குறைந்து, குணம் முழுதும் தெரிந்துபோன பொருள் என்று அர்த்தம். அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பச்சை இலையை வாட்டாமல் உருட்டினால் நொறுங்கித்தானே போகும்” என்றார். அவருக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

உதகை:

உறைபனி அனுபவம். ஜனவரியில் விடியற்காலை தலைக்குந்தா பக்கம் புகைப்படம் எடுக்கப் போனேன். வெளிச்சம் வரும்வரை ஆடலாம் என்று ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் கருவியை எடுத்தால், நாற்பது சதவீதம் காட்டிவிட்டு அணைந்துவிட்டது. பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். கம்பளிச் சட்டைக்குள் அக்குளில் இருபது நிமிடம் வைத்த பிறகு எழுந்து, அதே நாற்பதைக் காட்டியது. குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடும், சார்ஜ் இருந்தும் கொடுக்க முடியாது. ஆனால் அந்தக் குளிரிலேயே பவர் பேங்கில் செருகிவிடாதீர்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே உலோகப் படிவமாகப் படியும், அந்தச் சேதம் திரும்பாது.

கூடலூர்:

எனக்குப் பெரிய அனுபவமெல்லாம் இல்லை. இருபத்தைந்து வருடம் கழித்து காண்ட்ரா என்ற பழைய துப்பாக்கி விளையாட்டைப் போட்டேன். 30 உயிர் வாங்கும் வரிசை நினைவில்லை. கட்டை விரலுக்கு இருந்தது: மேல் மேல் கீழ் கீழ், இடம் வலம் இடம் வலம், பி, ஏ. அவ்வளவுதான்.

கொடைக்கானல்:

மூஞ்சிக்கல்லில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஒரு தம்பி கொண்டுவந்த கருவியின் பின்மூடி வயிறு மாதிரி புடைத்திருந்தது. “அண்ணா, வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இங்கே வந்தால் உப்புகிறதே, அதுபோலத்தானே?” என்றான். நல்ல யோசனைதான், ஆனால் தப்பு. சிப்ஸ் பாக்கெட் உப்புவது மேலே காற்றழுத்தம் குறைவதால், கீழே போனால் சுருங்கிவிடும். பேட்டரி உப்புவது உள்ளே வேதிப்பொருள் சிதைந்து வாயு உண்டாவதால். அது தீப்பிடிக்கும் சரக்கு. அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அந்தத் தம்பி இரண்டு வாரம் அமுக்கி அமுக்கி மூடிக்கொண்டு ஆடியிருக்கிறான்.

அடிக்கடி வரும் இன்னொன்று, பொத்தான் வேலை செய்யவில்லை என்பது. திறந்தால் ரப்பர் பட்டைக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவே ஈரமும் தூசியும் சேர்ந்து படலமாகியிருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு மெல்ல ஒற்றி எடுத்தால் போதும். ஒருவர் கை கழுவும் சானிடைசரை ஊற்றிக்கொண்டு வந்தார். அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும், பொத்தான்கள் அல்வா மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. பழைய கேசட்டை வாயால் ஊதுகிற பழக்கமும் இப்படித்தான்: ஊதும்போது எச்சில் ஈரம் போய்ச் செப்பில் அரிப்பு பிடிக்கும்.

வெளிக்குளிரில் இருந்த கருவியை அடுப்படிக்குக் கொண்டுவந்ததும் போடாதீர்கள். திரைக்குள் வியர்க்கும். பையோடு அரை மணி நேரம் விட்டுவையுங்கள்.

கோத்தகிரி:

பள்ளி ஆசிரியை. நான் விளையாடுவது குறைவு, செய்து பார்ப்பதுதான் பிடிக்கும். ஜிபி ஸ்டுடியோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, நிரல் எழுதத் தெரியாமலே கேம்பாய் விளையாட்டு உருவாக்கலாம். கோடை விடுமுறையில் மலை ரயிலை வைத்து ஒன்று செய்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர். கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் வேகம் கூடினால் தோல்வி.

விளையாட்டைவிட எழுத்துதான் வாட்டியது. கேம்பாயில் எல்லாமே 8-க்கு 8 புள்ளிக் கட்டங்கள். ஆங்கில எழுத்து ஒரு கட்டத்தில் உட்கார்ந்துவிடும். நம் ‘ண’வுக்கு மூன்று சுழி, எட்டுப் புள்ளிக்குள் போட்டால் கொசு நசுங்கியதுபோல் இருக்கிறது. நான்கு கட்டம் சேர்த்து 16-க்கு 16 ஆக்கினேன், தெளிந்தது. ஆனால் திரை அகலம் இருபது கட்டம், ஆக வரிக்குப் பத்து எழுத்துதான். ‘உதகமண்டலம்’ எட்டில் முடிந்தது. ‘மேட்டுப்பாளையம்’ கொம்பு, கால், ஐகாரக் குறி எல்லாம் சேர்ந்து பதினொன்று! கடைசி ‘ம்’ வெளியே தொங்கியது. அரை நாள் பார்த்துவிட்டு, துணைக்காலை ஒல்லியாக்கி ‘ப’வின் கட்டத்துக்குள்ளேயே ஒட்டிவிட்டேன். மாணவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. விருப்பமிருந்தால் கோப்பை அனுப்புகிறேன். என் சொந்தச் சரக்கு, யாரும் கேள்வி கேட்க முடியாது.

குன்னூர்:

டீச்சர், அனுப்பிய கோப்பைக் கார்டில் போட்டேன், ஓடுகிறது. பதின்மூன்றாவது விளையாட்டு. கொடைக்கானல் அண்ணா ஈரத்தைப் பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டு, மழைக்குக் கருவியைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடியிட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன்.

அப்பா நேற்று உங்கள் ரயிலை உதகை வரை ஓட்டிவிட்டார். ‘மேட்டுப்பாளையம்’ பற்றி எதுவும் சொல்லவில்லை. வெலிங்டன் தாண்டியதும் கேத்தி வருகிறதாம், அருவங்காடு அதற்குப் பிறகு வருகிறதாம். “டீச்சரிடம் திருத்தச் சொல்” என்றார்.

கோத்தகிரி:

ஐயோ. திருத்துகிறேன் என்று ஐயாவிடம் சொல்லுங்கள்.