பிளஸ் ஒன்னில் வணிகப் பிரிவு: எடுக்கலாமா, வேண்டாமா?

எல்லைக்கல் எழுதியது:
பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் எழும் கேள்வி, பிள்ளையைக் கேரளத்திலேயே சேர்ப்பதா, பொள்ளாச்சிக்கு அனுப்புவதா என்பதுதான். எங்கே சேர்த்தாலும் வணிகப் பிரிவு வேண்டாம் என்பது என் கருத்து. பி.காம். சேரவோ, பட்டயக் கணக்கர் படிப்பின் முதல் கட்டமான சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வு எழுதவோ பள்ளியில் வணிகம் படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அறிவியல் படித்தவரும் அங்கே போகலாம். வணிகம் படித்தவரால் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் போக முடியாது. போதாக்குறைக்கு, வணிகப் பிரிவின் பாடங்களில் ஒன்றான பிசினஸ் ஸ்டடீஸின் பிளஸ் டூ புத்தகத்தைப் புரட்டினால் ஹென்றி ஃபயோலின் 14 மேலாண்மைக் கொள்கைகள், டெய்லரின் அறிவியல் மேலாண்மை, திட்டமிடலின் படிநிலைகள் என்று தலைப்புகளாகவே நிற்கின்றன. பிரான்சில் சுரங்க நிறுவனம் நடத்திய ஃபயோல் 1916இல் எழுதியதைப் பதினாறு வயதுப் பிள்ளை உருப்போட்டு என்ன காணப் போகிறது?

கொப்பரைக்களம் எழுதியது:
ஐயா, ஃபயோலை விட்டுவிடுவோம். அவரை நானும் ரசித்ததில்லை. ஆனால் வணிகப் பிரிவு என்பது அந்த ஒரு புத்தகம் மட்டும் அல்ல. நம் பக்கத்தில் கொப்பரை, காய்கறி, மாட்டுத்தீவனம் என எந்தக் கடைக்குப் போனாலும் முறையான பேரேடு இருப்பது அபூர்வம். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரு நோட்டு இருக்கும், அவ்வளவுதான். அந்த நோட்டிலிருந்து லாபத்தைக் கண்டுபிடிக்கவே ‘முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகள்’ என்ற பாடம் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் கடையின் முதல் (மூலதனம்) 5,00,000 ரூபாய், முடிவில் 5,80,000 ரூபாய் என்றால், 80,000 ரூபாய் லாபம் என்று நம்மவர்கள் சொல்லிவிடுவார்கள். வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்த 1,20,000 ரூபாயைக் கூட்டி, இடையில் நகையை விற்றுப் போட்ட 50,000 ரூபாயைக் கழித்தால், உண்மையான லாபம் 1,50,000 ரூபாய். கடை ஓடவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவருக்கு, கடை ஓடுகிறது, வீடுதான் அதைத் தின்கிறது என்று அப்போதுதான் விளங்கும்.

அண்ணன் தம்பி சேர்ந்து, கூட்டாண்மைப் பத்திரம் எழுதாமல் நடத்தும் கடைகளையும் பாருங்கள். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் இல்லாவிட்டால், யார் எவ்வளவு முதல் போட்டிருந்தாலும் லாபம் சமபங்கு. போட்ட முதலுக்கு வட்டி கிடையாது. நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்தவருக்குச் சம்பளமும் கிடையாது. கூட்டாளி தனியாகக் கடன் கொடுத்திருந்தால் அதற்கு மட்டும் ஆண்டுக்கு 6 சதவீத வட்டி. இது பாடப்புத்தகத்தில் இருப்பது. இதைப் படித்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் பத்திரம் எழுதும் செலவை யாரும் வீண் செலவு என்று சொல்லமாட்டார்கள்.

எல்லைக்கல் எழுதியது:
நீங்கள் சொன்னதெல்லாம் கணக்குப்பதிவியல் (அக்கவுண்டன்சி) பாடத்துக்கான வாதம். பிசினஸ் ஸ்டடீஸுக்காக ஒரு வரிகூட நீங்கள் பேசவில்லை. அந்தக் கணக்கையும் பி.காம். முதலாண்டில் அடியிலிருந்து தொடங்கித்தான் நடத்துகிறார்கள். இரண்டு ஆண்டு முன்னதாகக் கற்பதற்காக மற்ற வழிகளை எல்லாம் அடைத்துக்கொள்ள வேண்டுமா?

கொப்பரைக்களம் எழுதியது:
சரி, பிசினஸ் ஸ்டடீஸுக்கே வருகிறேன். பிளஸ் ஒன்னில் தனியாள் வணிகம், கூட்டாண்மை, கூட்டுறவுச் சங்கம், நிறுமம் (கம்பெனி) என்று ஒவ்வொரு வடிவத்திலும் பொறுப்பு யார் தலையில் விழும் என்று வருகிறது. நம் ஊரில் பால் ஊற்றுகிற ஒவ்வொரு வீடும் ஏதோ ஒரு சங்கத்தில் உறுப்பினர்தான். அங்கே எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? உள்நாட்டு வணிகத்தில் ஜி.எஸ்.டி.யும் வருகிறது. 2017 ஜூலையில் அந்த வரி வந்ததோடு, கேரள – தமிழ்நாட்டு எல்லையில் உள்ள வாளையாற்றின் வணிகவரிச் சோதனைச்சாவடிக்கு வேலை போயிற்று. ஆனால் எல்லை அங்கேயே இருக்கிறது. சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் பதிந்திருக்கும் வணிகர் அடுத்த மாநிலத்துக்குக் கொப்பரை விற்கக் கூடாது. காங்கேயத்துக்கு ஏற்றும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் வேண்டும். இவ்வளவு நுணுக்கம் புத்தகத்தில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அடிப்படை தெரிந்த பிள்ளைக்கு இதை ஒரு மாலையில் சொல்லிக் கொடுத்துவிடலாம். வழி அடைபடுகிறது என்கிறீர்கள். அந்த வழியில் போக விருப்பமே இல்லாத பிள்ளையை இயற்பியல் வகுப்பில் இரண்டு ஆண்டு உட்காரவைப்பதும் அடைப்புத்தானே?

வகுப்பறை எழுதியது:
நான் மேல்நிலைப் பள்ளியில் வணிகம் கற்பிப்பவள். நீங்கள் இருவரும் கணிதத்தை மறந்துவிட்டு வாதாடுகிறீர்கள். கேரளத்தில் பிசினஸ் ஸ்டடீஸ், அக்கவுண்டன்சி, எகனாமிக்ஸ் மூன்றும் பொது. நான்காவதாக மேத்தமேட்டிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கம்ப்யூட்டர் அப்ளிகேஷன், பொலிட்டிகல் சயின்ஸ் ஆகியவற்றுள் ஒன்று. பொள்ளாச்சிப் பக்கம் போனால் வணிகக் கணிதமும் புள்ளியியலும் இருக்கிற பிரிவு, இல்லாத பிரிவு என்று பார்த்துச் சேர வேண்டும். சி.ஏ. ஃபவுண்டேஷனில் நான்கு தாள்கள்; ஒவ்வொன்றிலும் 40 சதவீதமும் மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். அதில் ஒரு முழுத்தாள் வணிகக் கணிதம், தருக்கம், புள்ளியியல். கணிதம் வேண்டாம் என்பதற்காகவே வணிகத்துக்கு வரும் பிள்ளைகள் அந்தத் தாளில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

தமிழ் வழியில் படிக்க வைக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். இதற்காகத் தமிழ் வழி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தமிழில் கற்ற பிள்ளைகளுக்குப் பற்று, வரவு தெளிவாகவே புரிகிறது. ஆனால் பிளஸ் ஒன் தொடக்கத்திலேயே ஆங்கிலப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள்.

எல்லைக்கல் எழுதியது:
கணிதத்தோடு கூடிய வணிகம் என்றால் என் எதிர்ப்பில் பாதி குறையும்; மனப்பாடம் பற்றிய மறுபாதி அப்படியே இருக்கிறது. ஆனால் பக்கத்துப் பள்ளியில் அந்தத் தொகுப்பு இல்லையென்றால்?

வகுப்பறை எழுதியது:
தள்ளியிருக்கும் பள்ளியானாலும் கணிதம் உள்ளதை முதல் விருப்பமாக எழுதுங்கள். கேரளத்தில் பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கும் ஒற்றைச்சாளர முறையில், ஒதுக்கீடு கிடைத்த விருப்பத்துக்குக் கீழே உள்ளவை தாமாகவே ரத்தாகிவிடும். ஆகவே, பேருந்து வசதிக்காக வீட்டுக்கு அருகில் உள்ள கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் தொகுப்பை மேலே எழுதிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.